பேஸ்மேக்கர்தான் இருக்கே!

பிப்ரவரி 9

மருமகளுக்கு,

போனில் கூப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாய். கூப்பிடவில்லை. கடிதம் போடக் கூடாது என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. கிழிப்பதென்றால் படித்துவிட்டுக் கிழி.

உன் புருஷன் என் கார் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். முப்பது வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற என்னிடமிருந்து! நடந்தது இதுதான். போன வாரம் ஒரு பல் டாக்டருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ரவுண்டானாவுக்குள் நுழைந்ததும் நெஞ்சுக்குள் கோழியைப் பிடித்துப் பையில் போட்ட மாதிரி ஒரு படபடப்பு. கண் இருட்டிக்கொண்டு வந்தது. "மேடம், எந்தப் பக்கம் திரும்பணும்?" என்று அந்த மனுஷன் கேட்கிறார். எனக்குப் பேச்சு வரவில்லை. நான் சொல்லாமல் திரும்பினால் திட்டுவேன் என்று பயந்து ரவுண்டானாவையே சுற்றிக்கொண்டிருந்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தவர் நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டார். அன்றைக்குத்தான் கியரை ஒழுங்காக மாற்றினார்.

அங்கே இருக்கிற டாக்டரை உனக்குத் தெரியும். நாம் "கடிகாரம்" என்று கூப்பிடுவோமே, கையைப் பிடித்தாலும் தன் வாட்சைத்தான் பார்ப்பார், அவர்தான். "உங்களுக்குத்தான் பேஸ்மேக்கர் இருக்கே, அப்புறம் என்ன பயம்?" என்றார். மாத்திரையைக் கூட்டினார். இப்போது பகலெல்லாம் தூங்கி வழிகிறேன், டம்ளரைப் பிடித்தால் கை ஆடுகிறது. உன் புருஷனும் "பேஸ்மேக்கர்தான் இருக்கே" என்கிறான். பக்கத்து வீட்டுக்காரியும் அதையேதான் சொல்கிறாள். எல்லாருக்கும் எப்படி ஒரே வாய் வந்தது என்று தெரியவில்லை.

நீ நாள் முழுக்க பேஸ்மேக்கரைச் சோதிக்கிற வேலை பார்க்கிறவள். என் நெஞ்சில் இருக்கிற பெட்டி என்னதான் சொல்கிறது என்று பார்த்துச் சொல்.

அத்தை


பிப்ரவரி 20

அத்தைக்கு,

கிழிக்கவில்லை.

உங்கள் பேஸ்மேக்கரை நான் சோதிக்க முடியாது. நீங்கள் எங்கள் ஆஸ்பத்திரி நோயாளி இல்லை. உங்களுக்காக முடிவெடுக்க உங்கள் மகன் இருக்கிறார். அடுத்தவர்களுக்காக முடிவெடுப்பது அவருக்குப் புதிதில்லையே. நைட் டியூட்டி என் உடம்புக்கு ஆகாது என்று என்னைக் கேட்காமலேயே என் வேலைக்கு ராஜினாமா அனுப்பினவர். அன்று நீங்களும் சோபாவில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். மறுநாள் நான் சூட்கேஸோடு வாசலுக்கு வந்ததும் காரை எடுத்தீர்கள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இண்டிகேட்டர் சத்தம் மட்டும்தான் கேட்டது. "போகாதே" என்று சொல்லியிருக்கலாம். "அவன் செஞ்சது தப்பு" என்றாவது சொல்லியிருக்கலாம். இரண்டு வருஷமாக யோசிக்கிறேன், ஒரு வார்த்தைக்கு அவ்வளவு பஞ்சமா?

இதை எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். போகட்டும்.

தொழில் தெரிந்தவள் என்பதால் ஒன்று மட்டும் சொல்கிறேன். பேஸ்மேக்கர் இதயம் மந்தமாகும்போது தட்டி எழுப்பும். தறிகெட்டு ஓடும்போது பிடித்து நிறுத்தாது. உங்கள் பாஷையில் சொன்னால், வண்டி நின்றுபோனால் தள்ளிவிட ஆள் இருக்கிறது, பிரேக் போட ஆள் இல்லை. ஆனால் எப்போது ஓடியது, எவ்வளவு நேரம் ஓடியது என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். அங்கேயே சோதனை செய்யச் சொல்லி அந்தப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

கை ஆடுவதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த மாத்திரைக்கு அந்தக் குணம் உண்டு.


மார்ச் 6

மருமகளுக்கு,

உரிமை இருக்கிறதாம்! அந்த கவுன்டரில் இருந்த பையனிடம் நீ வந்து சொல்லியிருக்க வேண்டும்.

"கூட யாரும்மா வந்திருக்காங்க?"

"யாரும் வரல. நான்தான் வந்திருக்கேன்."

"பையனைக் கூட்டிட்டு வாங்கம்மா, அவர்கிட்ட தர்றோம்."

"ஏம்ப்பா, பெட்டி என் நெஞ்சுலதானே இருக்கு? அவன் நெஞ்சுலயா இருக்கு?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்ததும் பையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மத்தியானம் வரை உட்கார வைத்தான். நானும் அசையவில்லை. கடைசியில் வாங்கிவிட்டேன். இதோடு வைத்திருக்கிறேன். எனக்கு அதில் கோழி கிறுக்கின மாதிரி கோடுகள்தான் தெரிகின்றன.

கடிகாரமும் அதைப் பார்த்தார். வாட்சைப் பார்த்த நேரத்தில் பாதிகூட அதைப் பார்க்கவில்லை. "ஒரு இணைப்பைச் சுட்டுவிட்டால் போதும், ஒரே நாள் வேலை, அப்புறம் எல்லாத்தையும் பேஸ்மேக்கர் பாத்துக்கும்" என்கிறார். உன் புருஷன் தலையாட்டிவிட்டான். என்னத்தைச் சுடுவார்கள், எதற்குச் சுடுவார்கள் என்று கேட்டால் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்கிறார்கள். கையெழுத்துப் போட இந்த மாசக் கடைசி வரை தவணை சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் நீ கேட்டதற்கு வருகிறேன். "போகாதே" என்று நான் சொல்லவில்லைதான். சொல்லியிருந்தால் நீ இறங்கித் திரும்பி வந்திருப்பாய். உனக்கு இளகின மனசு. நீ போக வேண்டும் என்றுதான் நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொன்னால் பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். எனக்குத் தெரிந்த உதவி வண்டி ஓட்டுவது. அதைச் செய்தேன். இதற்கு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன்.

அத்தை


மார்ச் 15

அத்தைக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியிருந்ததை நாலைந்து தடவை படித்தேன். அதற்கு இப்போது பதில் எழுத வரவில்லை. உங்கள் பேஸ்மேக்கர் விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு வருகிற கோபத்தில் பேனா கிழித்துக்கொண்டு போகிறது. உங்களுக்கு இது போன மாசம் ரவுண்டானாவில் புதிதாக வந்தது இல்லை. போன வருஷமே ஆரம்பித்துவிட்டது. முதலில் எப்போதாவது வந்து போயிருக்கிறது. இப்போது நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் உங்கள் இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகத் துடிக்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கின்றன. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது இதுதான். ஒவ்வொரு சோதனையிலும் பெட்டி இதைச் சொல்லியிருக்கிறது. பாட்டரி நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு உங்களை அனுப்பியிருக்கிறார்கள்.

அவர் சொல்கிற வழியில் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே இருக்கிற இணைப்பைச் சுட்டுத் துண்டித்துவிடுவார்கள். மேலே நடுக்கம் அப்படியே இருக்கும். கீழே பேஸ்மேக்கர் சொன்னபடி மட்டும் துடிக்கும். படபடப்பு போய்விடும், ஆனால் அதற்கப்புறம் ஆயுசுக்கும் பெட்டியை நம்பித்தான் உயிர். திரும்பி வர வழி கிடையாது. ரொம்பத் தள்ளாதவர்களுக்கும், வேறு எதுவும் பலிக்காதவர்களுக்கும் அது நல்ல வழி. உங்களுக்கு அதைத்தான் முதலில் செய்ய வேண்டுமா என்று யாராவது யோசித்தார்களா?

இன்னொரு வழி, நடுக்கம் கிளம்புகிற இடத்தையே பார்ப்பது. தொடையில் இருக்கிற ரத்த நாளம் வழியாகக் கத்தீட்டர் என்கிற மெல்லிய குழாயை இதயத்துக்குள் அனுப்பி, நுரையீரலிலிருந்து ரத்தம் வந்து சேர்கிற வாய்களைச் சுற்றி வட்டமாகச் சுடுவார்கள். பேஸ்மேக்கர் இருப்பவர்களுக்கும் செய்யலாம். குழாய் போகிற வழியில்தான் உங்கள் பேஸ்மேக்கர் ஒயர்களும் இருக்கின்றன. பெட்டி வைத்த இந்த ஆறு வருஷத்தில் அவை தசையோடு பிடித்திருக்கும் என்றாலும், முன்னும் பின்னும் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைதான் என் வேலை.

நிச்சயம் பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். இதயச் சுவரில் ஓட்டை விழலாம், பக்கவாதம் வரலாம். அபூர்வம், ஆனால் உண்டு. சிலருக்கு இரண்டாவது தடவையும் செய்ய வேண்டி வருகிறது. இதையெல்லாம் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் இதயத்தில் ஓடுகிற கரண்டைப் பார்ப்பதற்கென்றே ஒரு டாக்டரம்மா இருக்கிறார். திங்கட்கிழமைகளில் பார்ப்பார்.


ஏப்ரல் 2

மருமகளுக்கு,

உங்கள் கரண்ட் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். நீ அன்றைக்கு லீவு என்றார்கள். எதற்குப் போட்ட லீவு என்று எனக்குத் தெரியாதா?

நல்ல பெண். பொம்மை இதயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். சம்மதித்துவிட்டேன். 24ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் பிரளயம்தான். உன் கடிதம் அவன் கண்ணில் பட்டுவிட்டது.

"அவ சொன்னாளா? அவ சொன்னா உடனே ஆடிடுவீங்களா?"

"அவளாவது சொன்னா. நீ என்னடா சொன்னே?"

"அப்பாவும் சின்ன ஆபரேஷன்னு சொல்லித்தான் உள்ள போனாரு. திரும்பி வந்தாரா? பேஸ்மேக்கர்தான் இருக்கேம்மா. மாத்திரையைப் போட்டுட்டு நிம்மதியா இருக்கக் கூடாதா?"

"நிம்மதியா இருக்கறதுக்கும் தூங்கி வழியறதுக்கும் வித்தியாசம் தெரியாதாடா உனக்கு?"

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். சாயங்காலம் பார்க்கிறேன், என் கார் பின்கண்ணாடியில் "விற்பனைக்கு" என்று ஒட்டியிருக்கிறது. பிளேடை எடுத்துச் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். எடுத்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கியும் வரவில்லை, திட்டவும் இல்லை. அவன் அப்பா முகத்தை அன்றைக்கு அவன்தான் முதலில் போய்ப் பார்த்தான். அது எனக்குத் தெரியும். ஆனால் அதற்காக நான் எத்தனை நாள் படியில் உட்கார்ந்திருக்க முடியும், சொல்.

அத்தை


ஏப்ரல் 28

அத்தைக்கு,

24ஆம் தேதி ஏன் அப்படிக் கிளம்பிப் போனீர்கள்? நான் கேன்டீனில் உங்களுக்காகக் காத்திருந்தேன். லீவு போடவில்லை. வார்டுக்குப் போனால் கட்டில் காலி. "அந்த அம்மா எல்லாரையும் ஒரு பிடி பிடிச்சிட்டுப் போயிட்டாங்க" என்று நர்ஸ் சொன்னாள்.

உங்கள் எரிச்சல் புரிகிறது. பட்டினி கிடந்து, தொண்டை வழியாக ஸ்கேன் குழாயை விழுங்கி, கடைசியில் "இன்னிக்கு முடியாது" என்றால் யாருக்குத்தான் எரியாது? ஆனால் அந்த ஸ்கேனில் இதயத்துக்குள் ரத்தக் கட்டி தெரிந்ததே, கத்தீட்டரை விட்டால் அது நகர்ந்து மூளைக்குப் போய்விடும். டாக்டரம்மா செய்தது உங்களைக் காப்பாற்றுகிற காரியம்.

எனக்கு வேறொரு கேள்வி. ரத்தம் உறையாமலிருக்க டாக்டரம்மா உங்களுக்கு ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார், காலையும் இரவும். அதை விடாமல் சாப்பிடுகிறவர்களுக்குக் கட்டி வருவது அபூர்வம். தவறாமல் சாப்பிடுவதாக அவரிடம் சொன்னீர்களாம். நீங்கள் பொய் சொல்கிறவர் இல்லை. அப்படியென்றால் உங்கள் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். அட்டையில் இருக்கிற மாத்திரையும் டப்பாவில் இருக்கிற மாத்திரையும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

இதை எழுதவே எனக்குப் பிடிக்கவில்லை.


மே 5

மருமகளுக்கு,

பார்த்தேன். இரவு மாத்திரைக்குப் பதிலாக ஒரு வைட்டமின் மாத்திரை. நிறம்கூடக் கிட்டத்தட்ட அதேதான். டப்பாவை நிரப்புகிறவன் யார் என்று உனக்கே தெரியும்.

டப்பாவைச் சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்தேன். "இது என்னடா?" என்று கேட்டேன்.

"பல் தேய்க்கும்போது உங்க ஈறுல ரத்தம் வந்துச்சேம்மா. வாஷ்பேசினெல்லாம் சிவப்பு. பயந்துட்டேன். பாதியாக் குறைச்சா போதும்னு நினைச்சேன்."

"டாக்டரைக் கேட்டியா?"

மேஜையில் சிதறின மாத்திரைகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

"என்னைக் கேட்டியாடா?"

கையை ஓங்கிவிட்டேன். நாற்பது வயதுப் பிள்ளை, அடிக்கு ஒதுங்காமல் அப்படியே நிற்கிறான். ஓங்கின கையாலேயே டப்பாவை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போனேன்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. என்னைக் காப்பாற்றுகிறேன் காப்பாற்றுகிறேன் என்று சொல்லியே என் தலைக்கு ரத்தக் கட்டியை அனுப்பப் பார்த்திருக்கிறான். இனி டப்பாவை நானே நிரப்பிக்கொள்கிறேன். ஆனால் அவனோடு ஒரே வீட்டில் எப்படிச் சாப்பிடுவது? நீ எப்படித்தான் அத்தனை வருஷம் இருந்தாய்?

அத்தை


மே 14

அத்தைக்கு,

நேற்று உங்கள் மகனுக்குப் போன் செய்தேன். வக்கீல் மூலமாக இல்லாமல், இரண்டு வருஷத்தில் முதல் தடவை. கத்துவதற்குத்தான் கூப்பிட்டேன். "ஹலோ" என்ற குரலைக் கேட்டதும் கத்த வரவில்லை.

"நான் எதைச் செஞ்சாலும் தப்பாத்தான் போகுமா?" என்றார்.

"கேக்காம செஞ்சா அப்படித்தான் போகும்."

"அப்பா மாதிரி ஆயிடுவாங்களோன்னு..."

"அது தெரியும். உங்க பயத்துக்கு அத்தைதான் மருந்து சாப்பிடணுமா?"

அப்புறம், "நான் இப்ப என்ன பண்ணணும்?" என்று கேட்டார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டு நான் கேட்டதே இல்லை. போன் வைத்த பிறகு அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு காலமா என்கிற எரிச்சலில்.

ஒன்றும் செய்ய வேண்டாம், கட்டி கரைந்ததும் ஜூன் கடைசியில் ஆபரேஷன், அன்றைக்கு அம்மாவோடு பஸ்ஸில் வந்து வராந்தாவில் உட்காருங்கள், அது போதும் என்று சொன்னேன். இதை வைத்து நான் திரும்பி வரப்போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். விவாகரத்து மனு போட்டாகிவிட்டது. வாபஸ் வாங்க மாட்டேன்.

அதுவரை இரண்டு வேளையும் மாத்திரை. ஒரு வேளைகூட விடக் கூடாது.


ஜூலை 19

மருமகளுக்கு,

ஏமாற்றிவிட்டீர்கள்.

ஆபரேஷன் முடிந்து வந்த முதல் இரண்டு வாரம் நான் புது மனுஷி. மாடிக்கு மூச்சு வாங்காமல் ஏறினேன். கை ஆடவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையடித்துக்கொண்டேன், அதுதான் தப்பு. நேற்றுத் துணி காயப்போடும்போது மறுபடியும் அதே படபடப்பு. கிளிப்பைப் பிடித்தபடியே நின்றேன். அரை நாள் ஓடியது. இதற்கா இவ்வளவு பாடு? இதற்கா தொடையில் ஊதாவும் பச்சையுமாக இவ்வளவு பெரிய காயம்?

"நான் அப்பவே சொன்னேன்" என்று உன் புருஷன் சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "டாக்டருக்குப் போன் பண்ணட்டுமாம்மா? வேண்டாமா?" என்று கேட்டான். சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் போய்விட்டது எனக்கு.

உன்மேலும் ஒரு கோபம். ஆபரேஷன் அன்றைக்கு அந்த மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து, "உங்க பேர் என்ன?" என்று என்னிடம் கேட்டாயே! மாஸ்க் போட்டிருந்தால் எனக்கு ஆள் தெரியாதா?

அத்தை


ஆகஸ்ட் 1

அத்தைக்கு,

ஏமாற்றவில்லை. டாக்டரம்மா முதலிலேயே சொன்னார், நீங்கள்தான் மாடிப்படி ஏறிய சந்தோஷத்தில் மறந்துவிட்டீர்கள். சுட்ட இடம் புண். ஆறும்வரை அதுவே இதயத்தைச் சீண்டிக்கொண்டிருக்கும். முதல் மூன்று மாதத்தில் வருவதை வைத்துத் தோல்வி என்று சொல்ல மாட்டார்கள். எழுதுவது சுலபம், படபடப்போடு கிளிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது நீங்கள்தான் என்று எனக்கும் தெரிகிறது. மறுபடி அரை நாள் ஓடினால் பொறுக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெயர் கேட்பது விதி. ஆள் மாறிவிடக் கூடாது என்று தெரிந்தவர்களிடமும் கேட்க வேண்டும். ஆனால் நீங்கள் பெயரைச் சொல்லிவிட்டு, "உம் பேரைச் சொல்லட்டுமா?" என்று என்னை முறைத்தீர்களே, அறை முழுக்கச் சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து திரையில் அந்தக் குழாய் உங்கள் ஒயருக்குப் பக்கத்தில் போகிற ஒவ்வொரு தடவையும் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். எத்தனையோ பேருக்குச் செய்த வேலைதான். முடிந்ததும் ஒயர்களைச் சோதித்தேன். நம்பிக்கை வராமல் மறுபடியும் சோதித்தேன். "போதும், அசையல" என்று டாக்டரம்மா என் கையை மெஷினிலிருந்து எடுத்துவிட்டார்.

பொறுத்திருங்கள். எனக்கும் வேறு வழி இல்லை.


டிசம்பர் 11

"மருமகளுக்கு" என்பதற்குப் பதிலாக இனி மேலே என்ன போடுவது என்று தெரியாமல் ஒன்றும் போடாமலே ஆரம்பிக்கிறேன். கோர்ட்டுத் தீர்ப்பு வந்துவிட்டது. இவன் படித்துவிட்டு என்னிடம் நீட்டினான். எனக்குக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை, அவன் முகத்திலேயே எல்லாம் இருந்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தானாகவே தேறுவான். நான் எதுவும் செய்யப்போவதில்லை.

என் சங்கதி இதுதான். செப்டம்பர் சோதனையில் பெட்டியில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. சொந்தமாக வண்டி ஓட்டலாம், அடுத்தவர்களுக்குக் கற்றுக்கொடுக்கக் கொஞ்சம் பொறுங்கள் என்றார் டாக்டரம்மா. பல் டாக்டர் இன்னும் எனக்காகக் காத்திருக்கிறாராம், பாவம். நேற்று மறுபடியும் சோதனை. கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. முன்பு மாதிரி இல்லை, வாரத்தில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். ஒரு இடத்தில் சுட்ட வட்டம் சரியாக மூடவில்லை போலிருக்கிறது, இன்னொரு தடவை உள்ளே போய்ப் பார்க்கலாம், அவசரம் இல்லை, உங்கள் இஷ்டம் என்கிறார்.

வெளியே வந்து வராந்தா நாற்காலியைக் காலால் ஒரு உதை விட்டேன். எத்தனை தடவை! மூடுகிற வட்டத்தை முதல் தடவையே ஒழுங்காக மூடினால் என்னவாம்? கோபம் தணிய டீ குடித்தேன். தணியவில்லை. இவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். கடைசியில் "உங்களுக்கு என்னம்மா தோணுது?" என்றான். செய்துகொள்கிறேன் என்றேன். ஜனவரி 16 என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது நான் சொல்ல வந்தது. போன தடவை தங்கின லாட்ஜ் மெத்தையில் முதுகு செத்துப்போனது. இந்தத் தடவை முதல் நாள் சாயங்காலமே உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். இவன் வரமாட்டான், லாட்ஜிலேயே தங்கிக்கொள்வான், அந்தப் பயம் வேண்டாம். கோர்ட்டு உன்னை அவனிடமிருந்துதான் பிரித்தது. என்னை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் சொல்லியிருப்பேன்.

எனக்குக் கட்டில் வேண்டாம், ஒரு பாய் போதும். குறட்டை விடுவேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உனக்கு இஷ்டமில்லை என்றால் தாராளமாக எழுது.

எழுதினாலும் வருவேன்.

அத்தை